ஜனவரி இரண்டு

எங்கள் ஊரில் தள்ளுபடிக்குச் சட்டமே நாள் குறித்திருக்கிறது:
ஜனவரி மூன்று.
அதுவரை, விலை குறையும் என்று மூச்சுவிடக் கூடாது.
மூச்சுவிடாமல் நிற்பது எனக்குப் பழக்கம்தான்.
ஆன்ட்வெர்ப்பில், ஸ்கெல்ட் ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளி
பதினோரு வருஷமாய்
ஆண்களின் தோள்களை அளந்துகொண்டிருக்கிறேன்.

முழு விலைக்காரர்கள் செப்டம்பரிலேயே வந்துவிடுவார்கள்,
கண்ணாடியில் வெயில் இன்னும் அடிக்கும்போதே.
சீட்டைப் புரட்டிப் பார்க்கிற வழக்கம் இல்லை.
வக்கீல் பாஸ்டியான் ஃபெர்ஹூல்ஸ்ட்
சாம்பல் ஸ்வெட்டர் ஒன்று வாங்கினார்,
அக்டோபரில் அதையே மறுபடி வாங்கினார்,
முன்பு வாங்கியதை மறந்து.
நான் நினைவூட்டவில்லை.

காத்திருப்பவர்களைக் கையை வைத்தே சொல்லிவிடலாம்.
முதலில் சீட்டுக்குப் போகும்.
அப்புறம்தான் துணிக்கு,
அதுவும் சும்மா பட்டுவிட்ட மாதிரி.

லீவன் அப்படித்தான் வந்தார்,
நவம்பரின் முதல் சனிக்கிழமை.
பல்செட் செய்கிறவர். நகக்கண்ணில் வெள்ளைப் பொடி.
கருநீலக் கோட்டு, நாற்பத்தெட்டாம் அளவு, ஒன்றே ஒன்று,
ஆயிரத்து நூற்று நாற்பது யூரோ.
பொத்தான் துளையின் தையலை
யாருடைய கடைவாயையோ பார்ப்பதுபோல் குனிந்து பார்த்தார்.
போட்டுக்கொண்டார். கண்ணாடி முன் நிற்கவில்லை,
இரண்டு கைகளையும் பைக்குள் விட்டுக்கொண்டு
கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.
கழற்றினார். நன்றி சொன்னார்.

அடுத்த சனி. அதற்கடுத்த சனி.
போகும்போதெல்லாம் கோட்டை
ஐம்பத்தாறாம் அளவுகளுக்குப் பின்னால் சொருகிவிட்டுப் போவார்.
போனதும் நான் அதை எடுத்து அதன் இடத்தில் மாட்டுவேன்.
டிசம்பர் பாதியில்
எடுப்பதை விட்டுவிட்டேன்.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரம்
நேற்று முளைத்த ஒரு மாணவன், அப்பாவின் அட்டையோடு,
"கருநீலத்தில் நாற்பத்தெட்டு?" என்றான்.
இல்லை என்றேன்.
என் முதல் பொய் அது என்று சொல்ல மாட்டேன்.
கமிஷன் போகிற பொய் அது ஒன்றுதான்.

ஜனவரி இரண்டு, மாலை ஐந்து.
பின்னறையில் சிவப்பு வில்லைகள் ஒட்டிக்கொண்டிருந்தேன்,
எல்லாமே பாதி விலை.
கருநீலத்துக்குத்தான் முதலில் ஒட்டினேன்.
வாசல் மணி அடித்தது.
லீவன், சொட்டச் சொட்ட,
அதே பழைய மழைச்சட்டையில்.
"அந்தக் கோட்டு."

நாளைக்கு வாருங்களேன் என்று சொல்ல முடியாது.
கடிகாரத்தைப் பார்த்தேன். காலண்டரைப் பார்த்தேன்.
தேவையில்லாமல் இருமினேன்.
"தெரியும்," என்றார்.
"அறுபத்திரண்டு நாள் நடுங்கியாயிற்று.
பாதி விலைக்கு வாங்கினால்
பாதிக் குளிர்காலம்தானே கிடைக்கும்.
அதுவும் இல்லாமல், நாளைக்கு இங்கே..."
அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.
அட்டையை நீட்டினார்.

பின்னறைக்குப் போய் நகத்தால் வில்லையைச் சுரண்டினேன்.
சிவப்பு போய்விட்டது, பசை போகவில்லை.
அவர் அதைப் பார்த்தார்.
கட்டைவிரலால் ஒருமுறை தடவினார், பிசுபிசுத்தது.
நான்கு எண்களை அழுத்தினார்.
பை வேண்டாம் என்று போட்டுக்கொண்டே இறங்கிப் போனார்,
மழைக்குள், ஓடாமல்.

மறுநாள் காலை கதவு திறக்குமுன்பே
வரிசை மூலை திரும்பியிருந்தது.
முதல் ஆள் வக்கீல் பாஸ்டியான்.
முழங்கைகள், குடைகள், ஒற்றைக் காலில் மாட்டிய கால்சட்டைகள்.
பத்தரை மணிக்கு அந்தக் கூட்டத்திலிருந்து
தலைக்குமேல் எதையோ தூக்கிப் பிடித்துக்கொண்டு
என்னிடம் வந்தார்.
நாற்காலியில் லீவன் விட்டுப்போன மழைச்சட்டை.
இன்னும் ஈரம்.
கழுத்துக்குள், கைக்குள், பைக்குள் எல்லாம் தேடிவிட்டுக் கேட்டார்:
"இதில் சீட்டே இல்லையே,
எவ்வளவு?"